ஆறாத எஞ்சின்

கேட்டைத் திறந்த அண்ணி, "வாங்க" என்றாள்.

ஏழு மாதம் முன்பு வரை அது "வா"தான். "வா, முதல்ல கையைக் கழுவு. கிரீஸோட நாற்காலியில உட்கார்ந்தே, அப்புறம் இருக்கு உனக்கு" என்று பன்னிரண்டு வருடமாக விரட்டிய வாய். இப்போது வந்த அந்த மரியாதை, அவனுக்கும் அவளுக்கும் நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் நிற்பதுபோல இருந்தது.

அவன் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவன். காதில் எப்போதும் டெஸ்டரைச் செருகியிருப்பதால் பட்டறைப் பக்கம் எல்லோருக்கும் 'டெஸ்டர்'. சொந்தப் பெயர் லைசென்ஸில் மட்டும் இருந்தது. அண்ணன் ஒருவர்தான் 'தம்பி' என்று கூப்பிடுவார். அவரும் இறந்துவிட்ட பிறகு, டெஸ்டருக்கு வேறு பெயரே இல்லை என்றாகிவிட்டது.

"பாப்பா எங்கே அண்ணி?"

"என் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்கு அனுப்பிட்டேன். இது முடியட்டும்னு."

முந்தின நாள் போனில் அவள் பேசியது மூன்றே வாக்கியம். அண்ணனின் காரில் எஞ்சின் ஃபேன் தானாக ஓடுகிறது. தினமும் நாலு பத்துக்கு. சத்தம் கேட்டதும் பாப்பா ஓடிப் போய் ஷெட் கதவருகே நின்றுகொண்டு 'அப்பா வந்துட்டார்' என்கிறாள். வேறு யாரையாவது அனுப்பலாம் என்றுதான் டெஸ்டர் முதலில் நினைத்தான். மூன்றாவது வாக்கியத்துக்குப் பிறகு, தானே வருகிறேன் என்றான்.

மணி மூன்று. காற்று அசையவில்லை. வீட்டின் இடப்பக்கம், தகரக் கூரை போட்ட ஷெட். அண்ணி பூட்டைத் திறந்தாள். இரட்டைக் கதவு முனகிக்கொண்டு விலகியது. உள்ளே இருட்டுக்குப் பழகக் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் வாசனை வந்தது. பழைய ரப்பர், காய்ந்த எண்ணெய், பூட்டி வைத்த இடத்துக்கே உரிய மக்கல். பிறகுதான் வண்டி தெரிந்தது.

ஏழு மாதத் தூசி வண்டியின் மேல் ஒரு போர்வையாகக் கிடந்தது. கூரையில், கண்ணாடியில், கைப்பிடியில்.

பானெட்டின் ஓரங்களில் மட்டும் தூசி இல்லை.

பானெட் மூடியும் உடம்பும் சேரும் இடுக்கை ஒட்டி, யாரோ உள்ளிருந்து ஊதிவிட்ட மாதிரி, தகடு பளபளவென்று இருந்தது. டெஸ்டர் அதைப் பார்த்தான். பார்க்காதவன்போல பையைக் கீழே வைத்தான்.

பானெட்டைத் தூக்கி, முட்டுக் கம்பியை நிறுத்தியதும் அவன் கண் முதலில் போனது பேட்டரிக்கு. ஒரு டெர்மினல் கழற்றப்பட்டு, அதன் முனையில் பழைய துணி சுற்றியிருந்தது.

"இதை யார் கழட்டினது?"

"நான்தான். மூணு வாரமாச்சு. பக்கத்து வீட்டுல ஸ்பானர் வாங்கிக் கழட்டினேன்."

"பேட்டரி இல்லாம ஃபேன் எப்படி அண்ணி ஓடும்?"

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

அவள் குரலில் பயம் இல்லை. பயந்து பயந்து தேய்ந்து போனவர்களின் குரல் அது.

துக்கம் மனிதர்களுக்கு இல்லாத சத்தத்தையெல்லாம் கேட்க வைக்கும் என்று டெஸ்டர் தனக்குள் சொல்லிக்கொண்டான். பக்கத்தில் எங்காவது மோட்டார் ஓடும். தகரக் கூரை வாங்கி எதிரொலிக்கும். எதற்கும் சென்சாரை மாற்றிவிட்டுப் போய்விடலாம். அதை மாற்றுகிறேன் என்று அவன் வாக்குக் கொடுத்தும் நாளாயிற்று.

கட்டைவிரல் அளவுதான் அந்த சென்சார். எஞ்சினுக்கும் தடுப்புத் தகட்டுக்கும் நடுவே, கை நுழையாத சந்தில் உட்கார்ந்திருக்கும். வண்டி ஓடும்வரை அதற்கு வேலையில்லை. சாவியைத் திருப்பி, எல்லாம் அடங்கி, ஆள் இறங்கிப் போன பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். மூடிய பானெட்டுக்குள் வெக்கை ஏறுகிறதா என்று பார்க்கும். ஏறினால் இரண்டு ஒயர்களைத் தனக்குள் சேர்த்து ஃபேனை ஓடவிடும். பத்து நிமிடத்தில் சூடு ஆறியதும் பிரித்துவிடும். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு அடுப்பை ஒருமுறை தொட்டுப் பார்க்கிறவர்கள் உண்டல்லவா, அந்த மாதிரி.

அண்ணன் வண்டியில் அது செத்துப் போயிருந்தது. வெயிலில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் வண்டி கிளம்ப மறுத்தது. டெஸ்டர் ஐந்து நிமிடத்தில் ஒரு வழி செய்தான். பட்டறையில் அதற்கு 'டைரக்ட் பண்றது' என்று பெயர். சென்சாரில் சொருகியிருந்த கனெக்டரைப் பிடுங்கி, அதன் இரண்டு துளைக்கும் நடுவே ஒரு துண்டு நீல ஒயரைச் செருகிவிட்டான்.

"இது இருக்கிறவரைக்கும் ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கும்ணா. வண்டியை நிறுத்தினா பத்து நிமிஷம் கழிச்சு இதைப் பிடுங்கிடு. மறந்தே, பேட்டரி காலி. புது சென்சார் வாங்கி நாளைக்கு மாட்டிடறேன்."

"உன் நாளைக்கு எந்த வருஷத்துல வரும்னு சொல்லு, லீவு போடறேன்" என்றார் அண்ணன். "வாத்தியார் பிள்ளை மக்கும்பாங்க. மெக்கானிக் அண்ணன் வண்டி மக்கர்!"

இருவரும் சிரித்தார்கள். புது சென்சார் மறுவாரமே வந்துவிட்டது. அட்டைப் பெட்டியோடு பட்டறை அலமாரியில் உட்கார்ந்திருந்தது. மாட்டுவதற்கு அரைமணி நேரம் போதும். ஆனால் வெளியாள் வண்டி என்றால் தலைமேல் நிற்பான். சொந்த அண்ணன் நிற்பாரா? ஒரு வாரம் இரண்டு வாரமாகி, மூன்றாகியது.

அந்தப் பெட்டியைத்தான் இன்று பையிலிருந்து எடுத்தான்.

"கொதிக்கிற தண்ணி கொஞ்சம் வேணும் அண்ணி. சின்னப் பாத்திரத்துல."

அவள் கொண்டுவந்து வைத்தாள். பழைய சென்சாரின் இரண்டு போல்ட்டையும் கழற்றி எடுத்தான். ஒயர் இணைப்பைச் சோதிக்கிற மீட்டரின் முனைகளை அதன் இரு பின்களிலும் வைத்தான். சத்தமில்லை. ஆறியிருக்கும்போது அப்படித்தான் இருக்க வேண்டும். அதன் மூக்கைத் தண்ணீரில் அமிழ்த்தினான். ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. சூடானதும் மீட்டர் 'பீப்' என்று கத்த வேண்டும். கத்தவில்லை.

"இது செத்துப் போச்சு."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவன் காதில் விழுந்தது. அண்ணி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதியதை அமிழ்த்தினான். அரை நிமிடத்தில் மீட்டர் கத்தியது. வெளியே எடுத்துத் துடைத்து, ஆறவிட்டான். கத்தல் நின்றது. நல்ல பொருள். அதைச் சந்துக்குள் நுழைத்து, போல்ட்டை முடுக்கி, கனெக்டரைச் சொருகினான். 'டக்' என்று உட்கார்ந்தது.

அந்தக் கனெக்டரை அவன் கடைசியாகத் தொட்டது ஏழு மாதம் முன்பு. அண்ணனின் அடக்கம் முடிந்த மறுநாள், அவருடைய அலுவலகக் கார் நிறுத்தத்திலிருந்து இந்த வண்டியை எடுத்து வந்தவன் அவன்தான். யாரும் பார்க்காத நேரத்தில் பானெட்டைத் திறந்து, நீல ஒயரைப் பிடுங்கி, போகிற வழியில் சாக்கடையில் வீசினான். எல்லோரிடமும் 'பேட்டரி பழசு, அதான் வண்டி கிளம்பல' என்றான். எல்லோரும் நம்பினார்கள்.

"முடிஞ்சுது அண்ணி. இனிமே ஓடாது."

"நாலு பத்து ஆகட்டும்."

"எனக்குப் பட்டறையில..."

"ஆகட்டும்."

அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் சுவரில் சாய்ந்தான். இருவருக்கும் நடுவே பானெட் திறந்து கிடந்தது. தகரக் கூரை வெயிலில் இடையிடையே 'டிங்' என்று விரிந்தது. தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். வீட்டுக்குள் கடிகாரம் நாலு அடித்தது.

நாலு ஐந்து.

நாலு எட்டு.

டெஸ்டர் போனில் மணியைப் பார்த்தான். நாலு பத்து.

ஃபேனுக்கு மின்சாரம் விடுகிற ரிலே 'க்ளிக்' என்றது.

பிறகு ஃபேன் சுற்றத் தொடங்கியது. முதலில் முனகல், பிறகு இரைச்சல். தரையில் கிடந்த காய்ந்த இலைகள் அவன் காலடியில் ஓடின. அவன் பேட்டரியைப் பார்த்தான். கழற்றிய டெர்மினல், துணி சுற்றியபடி, தொடாமல் அப்படியே கிடந்தது.

அவன் பாய்ந்து போய்ப் புது சென்சாரின் கனெக்டரைப் பிடுங்கினான்.

ஃபேன் ஓடியது.

மீட்டரை எடுத்து, தனியாக நின்ற சென்சாரின் பின்களில் வைத்தான். மீட்டர் கத்தியது. விடாமல் கத்தியது. பொய் சொல்லத் தெரியாத பொருள் அது. வெக்கை இருந்தால்தான் கத்தும்.

எஞ்சின்மேல் கை வைத்தான்.

சுட்டது.

கையை உதறிக்கொண்டு பின்வாங்கினான். ஏழு மாதம் ஓடாத எஞ்சின், நீண்ட தூரம் ஓடி இப்போதுதான் வந்து நின்றதுபோலக் கொதித்தது. சூடான கூலன்ட்டின் தித்திப்பான வாசனை ஷெட் முழுக்கப் பரவியது.

"தினமும் இப்படித்தான்" என்றாள் அண்ணி. இரைச்சலுக்கு மேல் அவள் குரல் எழும்பவில்லை. "ஆறு மணி வரைக்கும்."

ஏழு மாதம் முன்பு, அந்த நாளில், நாலு பத்துக்கு அண்ணன் அலுவலகத்திலிருந்து சீக்கிரமே வெளியே வந்திருந்தார். காவலாளி கார் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தபோது மணி ஆறு.

பிடுங்கிவிட்ட இடத்தில் தொங்கிய கனெக்டரை டெஸ்டர் அப்போதுதான் குனிந்து பார்த்தான்.

அதன் இரண்டு துளைக்கும் நடுவே ஒரு துண்டு நீல ஒயர் இருந்தது.

இரு முனையிலும் தோலுரித்து, செம்பு இழைகளை மூன்று முறுக்கு முறுக்கி, நுனியைப் பின்னால் மடித்துவிட்டிருந்தது. ஊரில் எத்தனை எலெக்ட்ரீஷியன் இருந்தாலும் அந்த மடிப்பு அவனுடையது. ஒரு நிமிடம் முன்பு இதே கனெக்டரைத்தான் வெறுமையாகப் பிடுங்கினான்.

சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்தான்.

"நான்தான் அண்ணி."

அவள் அசையவில்லை.

"பேட்டரி பழசில்ல. நான் இந்த ஒயரைப் போட்டு விட்டிருந்தேன். பகல் முழுக்க ஃபேன் ஓடித்தான் பேட்டரி போச்சு. மூணு வாரமா நாளைக்கு நாளைக்குன்னு... சென்சார் அலமாரியிலயே இருந்தது. அன்னைக்கு அண்ணன் நாலு தடவை போன் பண்ணார். பார்த்தேன். சென்சாருக்குத் திட்டத்தான் கூப்பிடறார்னு நினைச்சு போனைக் கவுத்து வெச்சுட்டேன்."

ஃபேன் இரைந்துகொண்டே இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள் அண்ணி.

அவன் தலை நிமிர்ந்தது.

"அன்னைக்கு எனக்கும் பேசினார். நெஞ்சுல ஏதோ அடைக்குது, வாயுவா இருக்கும்னார். அதை எல்லார்கிட்டயும் சொன்னேன். மிச்சத்தைச் சொல்லல." அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "'வண்டி கிளம்பல. காலையில அவசரத்துல ஒயரைப் பிடுங்க மறந்துட்டேன், என் தப்புதான். இதைப் போய் தம்பிகிட்ட சொல்லி வைக்காதே, மனசு ஒடிஞ்சுடுவான். போன் போட்டிருக்கேன், வந்துடுவான். வந்தா அப்படியே டாக்டர்கிட்ட போயிடறேன்'னார்."

வந்துடுவான்.

டெஸ்டர் முகத்தைக் கிரீஸ் கையாலேயே பொத்திக்கொண்டான்.

"ஏழு மாசமா தெரிஞ்சும் நீங்க..."

"அவர் சொல்லாதேன்னார், சொல்லல. அவ்வளவுதான். மன்னிச்சுட்டேன்னு நான் எப்பவாவது சொன்னேனா?" அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "ஒரு நாளாவது நீங்களா வந்து வாயைத் திறப்பீங்கன்னு பார்த்தேன். வாசல் பக்கமே வரல. துப்புக் கெட்டவன்னு மனசுக்குள்ள எத்தனை தடவை திட்டியிருக்கேன் தெரியுமா?"

"திட்டுங்க."

"திட்டி என்ன?" அவள் வண்டியைப் பார்த்தாள். "நான் மட்டும் என்ன பண்ணேன்? நெஞ்சு அடைக்குதுன்னவர்கிட்ட, 'கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்காருங்க, சரியாயிடும்'னேன். ஆட்டோ பிடிச்சு ஓடியிருக்க வேண்டாமா? எனக்குக் கணக்குப் பரீட்சை பேப்பர் திருத்தற வேலை. பாதிக் கட்டு பாக்கி இருந்தது."

இரண்டு பேரும் அழவில்லை. ஏழு மாதம் தனித்தனி வீட்டில் தனித்தனியாக அழுது தீர்த்துவிட்டிருந்தார்கள்.

டெஸ்டர் எழுந்தான். கனெக்டரைக் கையில் எடுத்தான். அண்ணன் தினமும் செய்ததை, அன்று ஒரு நாள் மட்டும் செய்ய மறந்ததை, அவன் செய்தான். நீல ஒயரைப் பிடித்து இழுத்தான்.

ஃபேன் நின்றது.

இலைகள் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தன. எஞ்சினின் இரும்பு 'டிக்... டிக்...' என்று ஆறத் தொடங்கியது. டெஸ்டர் கையை விரித்தான். கையில் எதுவும் இல்லை. தரையில் தேடினான். அங்கும் இல்லை.

கனெக்டரைப் புது சென்சாரில் சொருகி, பானெட்டை இறக்கி மூடினான். வேலை முடிந்தது. தாமதமாகத்தான் முடிந்தது.

"போகலாம் அண்ணி."

அவள் முக்காலியை விட்டு எழுந்திருந்தாள். முன் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"என்ன அண்ணி?"

"அங்க."

ஓட்டுபவர் பக்கம், தூசி படிந்த கண்ணாடியின் உட்புறம், உள்ளங்கை அளவுக்கு ஒரு வெண்படலம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கி மறைந்தது.

மீண்டும் படர்ந்தது.

மறைந்தது.

மழைநாளில், ஜன்னலை ஏற்றிவிட்டு ஆள் உட்கார்ந்திருந்தால் கண்ணாடி அப்படி ஆகும். தகரம் கொதிக்கிற இந்த வெயிலில் ஆகாது. காலி வண்டியில் ஆகவே ஆகாது.

படர்ந்தது. மறைந்தது. கொஞ்சம் இழுத்து இழுத்து வருகிற மூச்சு.

டெஸ்டருக்கு ஓடிவிட வேண்டும்போல இருந்தது. கால் கதவுப் பக்கம் திரும்பியும் விட்டது. ஆனால் அலுவலகக் கார் நிறுத்தத்தில் வரிசையாக வண்டிகள் கிளம்பிப் போக, ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையைத் திருப்பி 'தம்பியா' என்று பார்த்துக்கொண்டு ஒருவர் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தது அவன் கண்முன் வந்தது. அதற்கு மேல் கால் நகரவில்லை.

சுற்றிப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்தான். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. உட்கார்ந்தான். பக்கத்து சீட்டைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நேராகவே பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமினான்.

"வந்துட்டேண்ணா."

கண்ணாடியில் படலம் படர்ந்தது. மறைந்தது.

சீட்டின் ரெக்சின் மெல்லக் கிறீச்சிட்டது. உட்கார்ந்திருக்கிற ஒருவர் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கும்போது வருகிற சத்தம்.

அண்ணி ஜன்னல் அருகே வந்து குனிந்தாள்.

"இருக்காரா?"

அவன் தலையசைத்தான்.

"என்ன பண்றார்?"

"காத்துக்கிட்டிருக்கார்."

"அதான் நீங்க வந்துட்டீங்களே."

மூச்சு கண்ணாடியில் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது. முன்னைவிட மெதுவாக. முன்னைவிட இடைவெளி விட்டு.

அண்ணி நிமிர்ந்தாள். ஷெட் வாசலுக்கு வெளியே இருந்த வெளிச்சத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு பின் கதவைத் திறந்து, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி, அவர் முதுகுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். அந்தச் சின்ன இடத்தில் மூன்று பேர் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

முன் சீட்டின் தோள்மேல், தோள் இருக்க வேண்டிய இடத்தில், அவள் கையை வைத்தாள்.

"கிளம்பலாங்க" என்றாள். "டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாம்."

டெஸ்டரின் இரண்டு கைகளும் அவன் மடியில் இருந்தன. அவற்றை அவன் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான்.

இரண்டு சீட்டுக்கும் நடுவே, ஹேண்ட் பிரேக்கின் பட்டன் மெல்ல உள்ளே அழுந்தியது. பிறகு அந்தக் கம்பி, ஓசையில்லாமல், எந்த அவசரமும் இல்லாமல், கீழே இறங்கியது.